இரண்டு தட்டு

பொன்னுராஜுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல், ஜெனரேட்டர் டிரெய்லரைத் தன் பிக்கப் வண்டியில் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த வீட்டில் நாள் முழுக்க உட்காருவது அவரால் ஆகாது.

ராஜபாளையத்தில் கல்யாணமோ கோயில் கொடையோ, சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் பெரும்பாலும் அவருடையவை. விளக்குக் கட்டும் ஆட்கள் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். வண்டியில் போவது அவரும் மனைவி கிருபாபாயும் மட்டுமே. பின்பக்கம் பம்பருக்குக் கீழே ஒரு கொக்கி. அவர் ரிவர்ஸ் எடுக்க, அவள் பின்னால் நின்று, "வாங்க... வாங்க... செத்த வாங்க... ஹோல்டான்!" என்பாள். கொக்கியில் பின்னைச் சொருகிவிட்டு வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். அதுதான் ரைட். அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிடுவார்.

போன ஈஸ்டருக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள் மகராசி. அதன் பிறகு பின்னால் யார் நின்று குரல் கொடுத்தாலும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினார். அப்புறம் எவன் நிற்பான்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜமால் முகமதுவின் வெல்டிங் பட்டறைக்குப் போய், பெரிய டிரெய்லர் லாரிகளில் இருக்கும் 'பிஃப்த் வீல்' தன் வண்டிக்கும் வேண்டும் என்றார். பெயர்தான் வீல், சக்கரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வாய் பிளந்த ஒரு கனத்த இரும்புத் தட்டு, அவ்வளவுதான். சாமான் ஏற்றும் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே அது உட்காரும். டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீட்டியிருக்கும் முளை அந்த வாய்க்குள் போனதும் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"இம்புட்டுச் சின்ன வண்டிக்கு அது எதுக்கு அண்ணாச்சி? தொட்டி பூரா அடைச்சுக்கிடும். பின்கதவ வேற கழத்தணும். கொக்கியவே கனமா ஒண்ணு அடிச்சுத் தாரேன்."

"புது ஜெனரேட்டரு வெயிட்டு ஜாஸ்தி, பாய். கொக்கியில மாட்டுனா வாலாட்டுது. அச்சு மேல பாரம் நின்னாத்தான் அடங்கி ஓடும்."

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே, "அது தானாப் பூட்டிக்கிடும்லா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஜமாலுக்கு விளங்கிவிட்டது. அதற்கு மேல் அவர் கொக்கியைப் பற்றிப் பேசவில்லை.

லாரித் தட்டு பிக்கப்பை அமுக்கிவிடும் என்று, ஜமால் தானே சின்னதாக ஒன்று செய்தார். தொட்டித் தகட்டை நம்பாமல் கீழே சேஸிஸ் வரை போல்ட்டை இறக்கினார். அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். டிரெய்லரின் மூக்கையும் உயர்த்தி, அடியில் முளை வைத்தார். வளைவில் டிரெய்லரின் மூக்கு கேபினில் இடிக்காதா என்று கயிறு பிடித்துப் பார்த்தார். மடவார் வளாகம் கோயிலுக்கு வெளிச்சம் கட்ட வேண்டிய நாளில் எல்லாம் தயாரானது.

பொன்னுராஜ் ரிவர்ஸ் எடுத்தார். 'டங்' என்று சத்தம் கேட்டது. டிரெய்லரின் மூக்கைத் தாங்கி நின்ற முட்டுக்காலை ஜமால் ஏற்றிவிட்டார். தன் கைவேலையை ஒருமுறை பார்த்தார். பெருமை தாங்கவில்லை. நல்ல மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

பொன்னுராஜின் கால் தானாகக் கிளட்சை விட்டது.

முளை தாடைக்குள் இறங்கவே இல்லை. தட்டின் மேலே தொற்றிக்கொண்டிருந்தது. வண்டி நகர்ந்ததும் டிரெய்லரின் மூக்கு வழுக்கிக்கொண்டு வந்து தொட்டியின் விளிம்பில் தடாரென்று விழுந்தது.

"ஏன் அண்ணாச்சி எடுத்தீக?" ஜமால் வெளிறிப்போய் ஓடிவந்தார். "நான் இன்னும் குனிஞ்சு பூட்டைப் பாக்கவே இல்ல!"

"நீருதான ரெண்டு தட்டு தட்டுனீரு?"

"அது சும்மா தட்டுனது!"

பொன்னுராஜ் ஸ்டியரிங்கை விடவில்லை. "அவ பாத்துட்டுத்தான் தட்டுவா, பாய்," என்றார். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. பட்டறை வாசலில், பட்டப்பகலில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அழுதார். ஜமால் கொஞ்ச நேரம் சுத்தியலைத் தேடுவது போலத் திரும்பி நின்றுகொண்டார்.

"தானாத்தான் பூட்டும், அண்ணாச்சி," என்றார் பிறகு. "ஆனா பூட்டுச்சான்னு எறங்கிப் பாக்கணும். மாட்டுற ஒவ்வொரு தடவையும்."

"அப்ப இதுக்கும் ஒரு ஆள் வேணும்."

"வேண்டாம். நீங்களே எறங்கிப் பாத்துக்கிடலாம்."

நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி, டிரெய்லரின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு மறுபடியும் மாட்டினார்கள். இந்த முறை ஜமால் தள்ளிப்போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பொன்னுராஜ் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். தாடை முளையை இறுகக் கவ்வியிருந்தது. முட்டுக்காலையும் அவரே ஏற்றினார். எல்லாம் சரி. இனி அவருக்கு யாரும் வேண்டாம்.

நிமிர்ந்தவர், பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அதைக் கேட்டு வண்டியை எடுக்க டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. அவர் சுற்றி நடந்து போய், ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. செத்த நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.