கீழே பார்த்தே பழகியவள்

இருபத்தொரு வருடம் தரைக்கு முப்பது மீட்டர் மேலே உட்கார்ந்து சம்பாதித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. என் அறையின் தரை கண்ணாடி. கப்பலில் இருக்கும் கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்க, முன்னால் குனிந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவே கீழே பார்க்க வேண்டும். நாள் முழுக்க அப்படித்தான். காற்றடித்தால் அறையே ஆடும். புதிதாக வருகிறவர்களுக்குக் குமட்டும். எனக்கு அது தொட்டில்.

நாற்பத்தாறு வயதில் எங்களைக் கீழே இறக்கினார்கள். ஏசி அறை, நான்கு திரைகள், ஆடாத நாற்காலி. கிரேனை அங்கிருந்தே இயக்கலாம். ஆனால் உடம்பு ஆட்டத்தைத் தேடியது. வீடு திரும்பும் பேருந்தில் வேண்டுமென்றே கடைசி இருக்கையில் உட்காருவேன். குதிரைப் பயிற்சித் திடல் ஒன்றைத் தாண்டித்தான் அது போகும். ஒரு நாள் அங்கேயே இறங்கிவிட்டேன்.

"குதிரையா? உன்னைப் பாவம்னு சொல்றதா, அதைப் பாவம்னு சொல்றதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பயிற்சியாளர் என்னைவிட இருபது வயது சின்னவள். முதல் மாதமே ஆச்சரியப்பட்டாள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு இடமும் வலமுமாக ஏறி இறங்கும். இடுப்பை இறுக்கினால் தூக்கிப் போடும், தளர்த்தினால் தாலாட்டும். ஆடுகிற இடத்தில் உட்காரும் வித்தை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மூன்றாம் வருடம் தடை தாண்டல் தொடங்கியது, தொல்லையும் தொடங்கியது. எனக்குக் கொடுத்த கறுப்புக் குதிரை மிளகு, யாரிடமும் மறுக்காதவள். என்னோடு மட்டும், தடையில் குறுக்கே வைத்த கம்பத்துக்கு முன்னால் சட்டென்று நிற்பாள். நான் நிற்க மாட்டேன். அவள் இந்தப் பக்கம், நான் மண்ணோடு அந்தப் பக்கம்.

"கம்பத்தைப் பாக்காதீங்கக்கா! அது எங்கயும் ஓடிடாது!" என்று கத்துவாள் பயிற்சியாளர்.

காரணம் எளிமையானது. மனிதத் தலை ஐந்து கிலோ இருக்கும். குனிந்தால் அந்த எடை முதுகையும் இழுத்துக்கொண்டு முன்னால் சரியும். குதிரை எழும்ப வேண்டிய நொடியில் அதன் தோள்மேல் போய் உட்காரும். எழும்பாதே என்று நாமே சொல்வதுபோல. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. கழுத்துக்குத்தான் புரியவில்லை.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது பயிற்சியாளர் என்னைத் தனியாக அழைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நிக்கறது மிளகுக்குப் பழக்கமாகிட்டு வருது. போட்டியிலயும் நின்னுட்டா, அவளை வேற ஆளுக்கு மாத்திடுவேன்."

கோபிக்க வழியில்லை. குதிரை எது செய்தாலும் அதைக் கற்றுக்கொண்டுவிடும், நிற்பதையும் சேர்த்து. நானே அவளைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். மிளகு இல்லாத சாயங்காலங்களை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் புலம்பினேன். "கன்டெய்னர் ஆடினா மட்டும் எப்படி நிறுத்துவியாம்?" என்று கேட்டார் அவர், பாதி கிண்டலாக.

நூலில் சாவியைக் கட்டி மேசைமேல் தொங்கவிட்டுக் காட்டினேன். ஆடும் பெட்டியையே பார்த்தால் அதைத் துரத்துவோம், ஆட்டம் கூடும். பெட்டி ஓரக்கண்ணில் இருக்க, பார்வை அதை இறக்கி வைக்கும் இடத்தில் இருந்தால், அது தானாக...

கம்பமும் அந்தப் பெட்டி மாதிரிதானே என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன், வாய்ல ஈ போயிடுச்சா?" என்றார்.

போட்டியன்று காலை, தடைகளை நடந்து பார்க்க விட்டார்கள். எட்டுத் தடை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கண்ணுக்கு ஓர் இடம் குறித்துக்கொண்டேன்: தண்ணீர்த் தொட்டி, விளக்குக் கம்பம், நடுவரின் குடை. எட்டாவதற்கு, வேலியோரம் நின்ற வெள்ளை வேன்.

ஏழும் அப்படியே கடந்தன. எட்டாவதற்குத் திரும்பினால், வேனைக் காணோம்! எந்தப் புண்ணியவானோ எடுத்துக்கொண்டு போயிருந்தான். பிடிக்க எதுவும் இல்லாமல் என் கண் மெல்லக் கம்பத்தை நோக்கி இறங்கியது. மிளகின் வேகம் தளர்வது தொடையில் தெரிந்தது.

அப்போதுதான் அவள் காதுகளைப் பார்த்தேன். குதிரை எங்கே பார்க்கிறதோ அங்கேதான் காது திரும்பும். இரண்டும் விறைப்பாக முன்னால் நீட்டி நின்றன. கம்பத்தைத் தாண்டி எதையோ அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு காதுகளுக்கு நடுவே கண்ணைச் செலுத்தினேன். வெறும் புல்வெளி. அதுவே போதுமாக இருந்தது.

கம்பம் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

அதற்குப் பிறகு கோப்பைகள் வந்தன. ஐம்பத்து மூன்றில் என் பாதி வயதுக்காரர்களை ஜெயித்து முதலிடம்கூட வாங்கினேன். வேன் காணாமல் போன அன்று கிடைத்தது நான்காம் இடம்தான். ஆனால் கண்ணை மூடினால் அந்த நாள்தான் வருகிறது. எல்லைக் கோட்டைக் கடந்தும் நான் நிறுத்தவில்லை.

"அக்கா, முடிஞ்சிருச்சு! வெளிய வாங்க!" வேலிமேல் ஏறிக் கத்தினாள் பயிற்சியாளர்.

"மிளகு யாருக்கு?"

"உங்களுக்குத்தான், இறங்கித் தொலைங்க!"

நடுவர் மணியடித்தார். அடிக்கட்டும் என்று இன்னொரு சுற்றுப் போனோம்.