தலைமை தாங்கிய அமிர்தவள்ளி

"நிறுத்து. இப்ப இன்னா கேக்கப் போற?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் வள்ளி. அவ்ளோதான்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கேக்காத. நீ கேட்டு நான் சரின்னுட்டா அப்புறம் நீ யாரு?"

"யாரு?"

"சொந்தக்காரன். சொந்தக்காரங்களப் பத்தி எழுதக் கூடாதுன்னு ரூல் இருக்குன்னு நீதான சொன்ன? அப்புறம் நெட்ல என் பக்கத்த யாரு எழுதுவா, எங்க அத்தையா?"

"காதலிக்கிறவன் எழுதலாமா?"

"அதப் பத்தி ரூல்ல இன்னா போட்டிருக்கு?"

"தேடிப் பாக்கல."

"தேடாத. பக்கம் நிக்கட்டும். நின்னப்புறம் கேளு. கிறிஸ்துமஸுக்குள்ள கேளு, அதுக்கு மேல எங்க அம்மாவப் புடிச்சு நிறுத்த முடியாது. திருப்பத்தூர் அத்தை மாசம் ஒரு மாப்ள போட்டோவோட பஸ் ஏறுது."

ஜூலை மாதத்தில், கேன்டீன் டீ ஆறிப்போகிற நேரத்தில் நடந்த பேச்சு இது. அதற்குப் பிறகு இன்பராஜ் அதை மனதுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அவள் 'கேட்டால் சரி என்பேன்' என்று சொன்னாளா, இல்லை 'சரின்னுட்டா' என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாளா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஐந்து மாதம் உயிர் வாழ்ந்தான்.

இன்பராஜுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை. பகலில் தோலில் எந்தத் துண்டை எப்படி வெட்டுவது என்று கணினியில் கோடு போடுவான். சாயங்காலமானால் அதே விரல்களால் இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழ்க் கட்டுரை எழுதுவான். அமிர்தி அருவியைப் பற்றி அவன்தான் எழுதினான். நெமிலி ஏரியின் வரலாற்றுக்கு அவன்தான் படம் தேடிப் போட்டான். அதற்குக் கூலி கிடையாது, புகழும் கிடையாது. அவன் அம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஊருக்கு உழைக்கிறான்" என்பாள்.

அமிர்தவள்ளி அதே கம்பெனியில் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். பளுதூக்குவதில் மாநிலத் தங்கம் வாங்கியவள், தேசியப் போட்டி வரைக்கும் போய் வந்தவள். அவளுக்குப் பளுதூக்கும் ஷூ ஒன்று வேண்டியிருந்தது. கடையில் கிடைத்ததெல்லாம் ஆண்கள் அளவு. "குதிகால் மரக்கட்ட மாதிரி நிக்கணும், ஆனா காலு என்னுதா இருக்கணும். முடியுமா?" என்று கேட்டுக்கொண்டு பேட்டர்ன் பிரிவுக்கு வந்தாள். இன்பராஜ் வேண்டுமென்றே இரண்டு தடவை அளவைத் தப்பாக எடுத்தான். மூன்றாவது தடவை ஷூ சரியாக அமைந்தது. அவன்தான் சரியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பளுதூக்கக் கற்றுக்கொடுத்தாள். ஜூன் மாதம் ஒருநாள், நன்றாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அப்பா வந்து மகளைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். "தப்பா நெனைக்காதம்மா. நெட்ல உன் பேரத் தட்டிப் பாத்தேன். ஒண்ணும் வரல. அதே பேருல ஏதோ மூலிகதான் வருது, சக்கரைக்கு நல்லதாம். ஜெயிச்சவங்கன்னா நெட்ல இல்லாமலா இருக்கும்?" என்றார்.

மறுநாள் அவள் இன்பராஜிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். கோபித்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அன்று இரவே அவளுக்கு ஒரு பக்கம் தொடங்கினான்.

தொடங்கிய வேகத்தில் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. செண்பகம் என்ற நிர்வாகி எழுதியிருந்தார்: 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் இவரைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்தி எதுவும் சுட்டப்படவில்லை. ஆதாரம் இல்லாவிட்டால் பக்கம் நீக்கப்படும். எனக்கும் வருத்தமே.'

"வருத்தமாமே!" என்றாள் அமிர்தவள்ளி. "மாவட்ட மேட்ச்சு ஒண்ணே ஒண்ணு ஆடி, அதுலயும் பேட்டையே புடிக்காத கிரிக்கெட்காரனுக்குப் பக்கம் இருக்கு. அவன் பொறந்த ஆஸ்பத்திரி வரைக்கும் போட்டிருக்கு. அதுக்கெல்லாம் வருத்தமில்லையா அவங்களுக்கு?"

"அவனப் பத்திப் பேப்பர்ல வந்திருக்கு வள்ளி. அதான்."

"நான் தங்கம் வாங்கினதும் பேப்பர்ல வந்துச்சே!"

வந்திருந்தது. இன்பராஜ் நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டைப் புரட்டி அந்தச் செய்தியைத் தேடி எடுத்தான். அதில் ஒரு பிரமுகர் தலைமை தாங்கியிருந்தார். நான்கு பேர் முன்னிலை வகித்திருந்தார்கள். ஒருவர் வரவேற்றிருந்தார், இன்னொருவர் நன்றி கூறியிருந்தார். எல்லோருக்கும் பெயர் இருந்தது, இனிஷியல் இருந்தது, பதவி இருந்தது. கடைசி வரியில் 'வெற்றி பெற்ற வீராங்கனைகளுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன' என்று இருந்தது. படத்தில் பிரமுகர் கோப்பையைக் கேமராவுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். கோப்பைக்குப் பின்னால் தெரிந்த ஒரு காது அமிர்தவள்ளியுடையது.

அந்தச் செய்தியை எழுதியவர் சுப்பராயன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு நிருபர் வேலையும் பார்க்கிறவர். இன்பராஜும் அமிர்தவள்ளியும் போய்க் கேட்டார்கள். அவளோடு ஒரே லைனில் வேலை செய்யும் சைராவும், வேடிக்கை பார்க்கலாமே என்று கூடப் போனாள்.

"ஜெயிச்சவங்க பேர ஏன்ணே போடல?" என்றான் இன்பராஜ்.

சுப்பராயனுக்குக் கேள்வியே புரியவில்லை. "எடம் இருந்தா போடுவோம் தம்பி. தலைமை தாங்கினவர் பேரு விட்டுப்போச்சுன்னு வையி, காலைல ஆறு மணிக்குப் போனு. நன்றி சொன்னவர் பேரு விட்டுப்போச்சுன்னா வீட்டுக்கே வந்துருவாரு. ஜெயிச்ச பொண்ணு ஒண்ணாவது இதுவரைக்கும் போன் பண்ணிச்சா?"

வெளியே வந்ததும் சைரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி பேஜார் ஆவறீங்க ரெண்டு பேரும்? தூக்கினா பேரு வராது, தலைமை தாங்கினாத்தான் வரும்னு அந்தாளே சொல்றாரு. தாங்கிடு! எங்க அண்ணன் அடுத்த வாரம் பிரியாணிக் கட தொறக்கறான். நீதான் ரிப்பன் வெட்டற."

இப்படித்தான் அமிர்தவள்ளியின் பொதுவாழ்க்கை தொடங்கியது.

பிரியாணிக் கடையை அவள் திறந்துவைத்தாள். மறுநாள் நாளிதழில் 'பளுதூக்கும் வீராங்கனை எஸ். அமிர்தவள்ளி தலைமை தாங்கினார்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. இன்பராஜ் அதை வெட்டி வைத்துக்கொண்டான். பிறகு ஒரு குடிநீர் நிலையம். பிறகு தையல் பள்ளிச் சான்றிதழ் விழா. பிறகு ஒரு செல்போன் கடை. ஆண்கள் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்குக்கூட அவள்தான் தலைமை. பேசச் சொன்னபோது, "தோத்த டீமுக்கு ரன்னு கம்மி, ஜெயிச்ச டீமுக்கு அலட்டல் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நன்றாகப் பேசினார் என்று பேச்சு பரவி மேலும் இரண்டு விழாவுக்கு அழைத்தார்கள். வீட்டில் பொன்னாடை குவிந்தது. அவள் அம்மா அவற்றில் தலையணை உறை தைத்துவிட்டு, "இதுக்கெல்லாம் சம்பளம் உண்டாடி?" என்று கேட்டாள்.

நவம்பர் மாதம் இன்பராஜ் வெட்டிவைத்த செய்திகளை எல்லாம் பக்கத்தில் சேர்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். செண்பகத்திடமிருந்து பதில் வந்தது.

'ஆதாரங்களுக்கு நன்றி. எல்லாவற்றையும் படித்தேன். இவர் கடைகளைத் திறந்துவைப்பவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. இவர் பளு தூக்கினார் என்பதற்கு ஏதேனும் உண்டா?'

கீழே இன்னொரு வரியும் இருந்தது. 'விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றி எழுதப்போய் இதே சுவரில் நானும் நிறைய முட்டிக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் இறுதிவரை நீக்காமல் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது.'

அதற்குள் வேறு யாரோ புகுந்து அந்தப் பக்கத்தைச் 'சமூக சேவகர்கள்' பகுப்பில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்பராஜ் இதைக் காட்டியபோது அமிர்தவள்ளி இரண்டு தடவை படித்தாள். பிறகு, "குடியாத்தத்துல ஆம்பளைங்களுக்குப் பளுதூக்கற போட்டியாம். தணிகைவேல்னு ஒருத்தர் நடத்தறாரு, தறி ஓட்டறவரு. என்னத் தலைமைக்குக் கூப்பிட்டிருக்காரு" என்றாள்.

"இன்னும் எதுக்கு வள்ளி தலைமை?"

"வர்றேன்னு சொல்லிட்டேன். நீ சுப்பராயன் அண்ணன இட்டுனு வந்துரு. கேமராவோட."

அன்று அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மேடையேறியபோது சேலைக்கரைக்குக் கீழே பளுதூக்கும் ஷூவின் குதிகால் ஒரு கணம் தெரிந்ததை இன்பராஜ் பார்த்துவிட்டான். அந்தக் குதிகாலுக்குப் பேட்டர்ன் வெட்டியவன் அவன்தானே!

குடியாத்தத்தில் பொன்னாடைக்குப் பதில் கைலிதான் போர்த்துவார்கள். தணிகைவேல் அவளுக்கு மாலை போட்டு, தன் தறியில் நெய்த நல்ல கட்டம் போட்ட கைலி ஒன்றைத் தோளில் போர்த்தினார். "மேடம், பாரைத் தொட்டுப் போட்டியத் தொடங்கி வெக்கணும். சும்மா குனிஞ்சு கை வெச்சா போதும், போட்டோ எடுத்துக்குவாங்க. போன வருசம் வந்தவரு இப்டித்தான் செஞ்சாரு" என்றார்.

"எவ்ளோ போட்டிருக்கீங்க?"

"தொண்ணூறு கிலோ மேடம். படத்துல பெருசாத் தெரியட்டும்னு போட்டது. பயப்படாதீங்க, கீழதான் இருக்கும்."

அவள், "ஒரு நிமிசம், முகம் கழுவிட்டு வர்றேன்" என்று பின்பக்கம் போனாள். ஒரு நிமிடம் பதினைந்து நிமிடமானது. பின்னால் வீரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் இடத்திலிருந்து ஏதோ தொப்தொப்பென்று சத்தம் கேட்டது. முன்னிலை வகித்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் வந்தபோது முகம் கழுவியதாகத் தெரியவில்லை. வேர்த்திருந்தது.

மாலையைக் கழற்றித் தணிகைவேல் கழுத்திலேயே போட்டாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள், உள்ளே டிராக் பேன்ட் இருந்தது. போர்த்திய கைலியைக் கயிறாக முறுக்கி, முந்தானையோடு சேர்த்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கையில் சுண்ணப்பொடி தடவிக்கொண்டாள். அப்போதும் யாருக்கும் புரியவில்லை. "குனிஞ்சு கை வெச்சா போதும் மேடம்..." என்று தணிகைவேல் இழுத்தார்.

அவள் குனிந்து கை வைத்தாள். அதோடு நிறுத்தவில்லை.

பார் தரையை விட்டு எழுந்து அவள் தோளுக்கு வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். இன்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெபங்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து சொன்னான். கண்ணைத் திறந்தபோது தொண்ணூறு கிலோவும் அவள் தலைக்கு மேலே இருந்தது. முழங்கை நடுங்கவில்லை. அவள் நேராகச் சுப்பராயனைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, எடம் இருக்கா?"

மறுநாள் வந்த செய்தியில், சுப்பராயனின் நிருபர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யார் தலைமை தாங்கினார் என்ற வரி விட்டுப்போயிருந்தது. யார் முன்னிலை வகித்தார்கள் என்பதும் இல்லை. நன்றி கூறியவர் காலை ஆறு மணிக்குப் போன் செய்தார், சுப்பராயன் எடுக்கவில்லை. அரைப் பக்கத்துக்குப் படம். கீழே அவள் எந்தெந்த ஊரில் எவ்வளவு தூக்கினாள், எப்போது தங்கம் வாங்கினாள் என்பதெல்லாம் வரிவரியாக வந்திருந்தது. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மற்ற நாளிதழ்க்காரர்கள் வந்தார்கள். பளுதூக்கும் சங்கத்தில் பழைய முடிவுகளை வாங்கிப் போட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு, ஜூனில் மகளை அழைத்துப்போன அப்பா அந்த மகளோடு வந்து ஓரமாக நின்றார். "ஷூ இல்லாம வராதன்னு முன்னயே சொன்னேன்ல?" என்று மட்டும் சொல்லி அமிர்தவள்ளி பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

டிசம்பர் மூன்றாவது வாரம், சாயங்கால ஷிப்ட் முடிகிற மணி அடிக்கும்போது இன்பராஜின் போனில் செண்பகத்தின் செய்தி வந்தது. 'அறிவிப்பை எடுத்துவிட்டேன். பக்கம் நிற்கும். இவரைப் போல இன்னும் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த வரிசையில் இடம் நிறையக் காலியாக இருக்கிறது.'

இன்பராஜ் கணினியை அணைக்கக்கூட மறந்து ஓடினான். வாசலில் கம்பெனி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான பெண்கள் டிபன் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அமிர்தவள்ளி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சைரா.

"வள்ளி! நின்னுடுச்சு!"

"இன்னா நின்னுடுச்சு? பஸ்ஸா?"

"பக்கம்! பக்கம் நின்னுடுச்சு!"

அவள் முகம் ஒரு கணம் சிவந்து, பிறகு பழைய குறும்புக்குத் திரும்பியது. "சரி. அதுக்கு இன்னா இப்ப?"

"அதான்... கேக்கலாம்னு சொன்னியே."

"இன்னா? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

அவளுக்கு எல்லாம் கேட்டது. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பஸ் மெல்ல நகரத் தொடங்கியது. இன்பராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். "கேட்டுடட்டுமா?" என்றான். "இன்னா?" என்று அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினாள். முன் சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது சைரா எட்டி டிரைவரின் தோளைத் தட்டி அவர் காதில் ஏதோ சொன்னதை இன்பராஜ் கவனிக்கவில்லை. ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த மூச்சை எல்லாம் திரட்டிக்கொண்டு அவன் வாயைத் திறக்கவும், பஸ் இன்ஜின் பட்டென்று அணையவும் சரியாக இருந்தது. அந்த அமைதியில், மொத்த பஸ்ஸும், அடுத்த பஸ்ஸும், வாசல் வாட்ச்மேனும் கேட்கும்படி இன்பராஜ் கத்தினான்:

"என்னக் கட்டிக்கிறியா வள்ளி?"