பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணியம்

மானுட குலத்துக்கு ஒரு நற்செய்தி! 2007 மே மாதம் முதல், லாங்கன்தாலில் நம் ஆலையில் தயாராகும் விமான எஞ்சின், உடைந்தாலும் கண்ணியமாக உடையும். தகடு நெளியாது, பிளேடு பொடியாகாது, புகைப்படத்துக்குப் பங்கம் வராது. இப்படிக்கு, இயக்குநர் டாக்டர் ஏஷ்லிமான்.

இந்த அறிவிப்பு நான்கு வண்ணத்தில் அச்சாகி, கழிவறை உட்பட எல்லாக் கதவுகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. அனுபமா அதைக் கழிவறைக் கதவில்தான் படித்தாள். படித்துவிட்டுக் கிழித்தாள்.

அந்த எஞ்சினின் டர்பைனை வடிவமைத்தவள் அவள். கோயம்புத்தூர்க்காரி, சுவிட்சர்லாந்துக்கு வந்து ஆறு வருஷம். விஷயம் எளிமையானது. முன்னால் இருக்கும் விசிறியோடு டர்பைனை இணைப்பது ஒரு ஷாஃப்ட். அது உடைந்தால், இழுக்கப் பாரமில்லாத டர்பைன் கயிறறுத்த காளை மாதிரி வெறிபிடித்துச் சுழலும். கண்மூடித் திறப்பதற்குள் அதன் சக்கரம் வெடிக்கும். அந்தத் துண்டைத் தடுக்கிற கவசம் எந்த விமானத்திலும் கிடையாது. அதன் வழியில் பயணிகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே, ஷாஃப்ட் உடைந்ததும் டர்பைன் பின்னால் நகர வேண்டும். நான்கு மில்லிமீட்டர் நகர்ந்ததும், அங்கே அசையாமல் நிற்கும் தகடுகளில் தன் பிளேடுகளை மோதித் தேய்த்துக்கொண்டு, தானே நின்றுவிட வேண்டும். பிளேடு பொடியாகும். ஆகட்டுமே. பொடியை உறை தாங்கும்.

முதல் சோதனையில் அப்படியேதான் நின்றது. உறையைத் திறந்து பார்த்த ஏஷ்லிமானுக்குத்தான் தாங்கவில்லை. உள்ளே குப்பைமேடு! சுவிஸ் தயாரிப்பு குப்பைமேடாகலாமா? இடைவெளியைப் பன்னிரண்டாக்குங்கள், ஒன்றை ஒன்று தொடவே கூடாது என்று உத்தரவு பிறந்தது.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ராஜீவ், சென்னைக்காரர். மேலே இருப்பவர் தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். அனுபமா அவர் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள்.

"தொடலைன்னா எது அதை நிறுத்தும் ராஜீவ்?"

"அதான் எலக்ட்ரானிக்ஸ் இருக்கே அனு. ஃப்யூயலை கட் பண்ணிடும்."

"அது கட் பண்றதுக்குள்ள சக்கரம் பதினேழாம் நம்பர் சீட்ல போய் உக்காந்திருக்கும்!"

"எமோஷனல் ஆகாத. புது டிராயிங்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த மாசம் உன் ஒர்க் பர்மிட் ரினியூவலுக்கு வருது, ஞாபகம் இருக்கில்ல?"

"போட மாட்டேன். பர்மிட்டை நீங்களே ஃப்ரேம் போட்டு மாட்டிக்கங்க."

வியாழக்கிழமை, விருந்தினர் முன்னிலையில் இரண்டாவது சோதனை. வேண்டுமென்றே கீறல் போட்ட ஷாஃப்ட், முழு வேகத்தில் உடையும். கனவான்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரசிப்பார்கள். அவர்களைக் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியருகில் சீஸும் வைனும் அடுக்கியாகிவிட்டது என்று பதில் வந்தது.

வியாழன் காலையில் எஞ்சின் பாகங்களைப் பூட்டுகிற கூடத்துக்கு ஓடினாள். அங்கே தவச்செல்வன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தார், இந்த ஆலையில் இருபது வருஷமாக எஞ்சின் பூட்டுகிறவர்.

"பூட்டிட்டீங்களாண்ணா?"

"ஓம், பூட்டியாச்சு தங்கச்சி."

"எப்படிண்ணா மனசு வந்துச்சு? அங்க மனுசங்க நிக்கப் போறாங்க! உங்களையாவது மனுசன்னு நெனச்சேன்!"

"கொஞ்சம் பொறுங்கோவன், நான் சொல்லுறதை..."

அவள் பொறுக்கவில்லை. கதவை அறைந்து சாத்தினாள்.

பத்து மணிக்கு ஆல்ப்ஹார்ன் என்கிற ஆளுயர மரக்கொம்பை ஊதினார்கள். ஏஷ்லிமான் அரைமணி நேரம் பேசினார். அதில் 'கண்ணியம்' பதினொரு முறை வந்தது. அனுபமா எண்ணிக்கொண்டே கண்ணாடியருகில் நின்றாள். வெடித்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. குறைந்தபட்சம் ராஜீவின் டையையாவது பிடித்துக்கொள்ளலாம்.

டர்பைன் வேகமெடுத்தது. ஷாஃப்ட் உடைந்தது. தகரக் கடையை மொட்டைமாடியிலிருந்து கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். பிறகு, அமைதி.

எதுவும் வெடிக்கவில்லை.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்!" என்று கோப்பையை உயர்த்தினார் ஏஷ்லிமான். கைதட்டல். இனி ஆலையை விட்டுப் போகும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இதே பன்னிரண்டுதான் என்று அறிவித்தார். ராஜீவ் அவளைப் பார்த்து, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

அனுபமா மனசுக்குள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். ஆறு வருஷக் கணக்கு தப்பா? அப்போதுதான் மூக்கில் ஏறியது, தீய்ந்த இரும்பு வாசனை. தொடாத இரும்பு ஏன் தீய வேண்டும்?

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்த் தவச்செல்வனைப் பிடித்தாள்.

"அண்ணா, இது தேஞ்ச வாசனை!"

"தேயாமல்? கையெழுத்தில்லாத வரைபடத்துக்கு நான் ஒரு ஆணியும் பூட்டமாட்டன். இந்த ஆலையிலை எனக்குப் படிப்பிச்ச முதல் பாடம் அது. உங்கடை கையெழுத்து பழைய வரைபடத்திலைதான் கிடந்தது. அதின்படி பூட்டினனான்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எழுதி, மூண்டு பேரின்ரை மேசைத் தட்டிலையும் வைச்சனான். ஏஷ்லிமான், ராஜீவ், நீங்கள். ஒருத்தரும் வாசிக்கேல்லை. உங்களுக்கு வாயாலையும் சொல்ல வந்தன். நீங்கள் என்னைத் திட்டிப்போட்டு ஓடியிட்டியள்."

அரை நொடி வெட்கப்பட்டாள். அதற்குள் கோபம் குளித்து முழுகி, புதுசாகத் திரும்பி வந்தது. அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த, அதே குறிப்பின் நகல் தாளை உருவிக்கொண்டு மேடையேறினாள். ராஜீவ் ஒலிவாங்கியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அனு, இப்ப வேணாம், ப்ளீஸ். கேமரா ஓடுது."

"அதுக்குத்தான் கேக்கறேன். குடுங்க."

பிடுங்கினாள். சுத்த ஜெர்மனில், ஒரு வரி விடாமல், நிதானமாக வாசித்தாள்: தாள் எண், தேதி, பூட்டியவர் பெயர், ஷாஃப்ட் சரி, தாங்கி சரி, உறை சரி. ஏஷ்லிமான் பாராட்டுரை என்று நினைத்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி: இடைவெளி, நான்கு மில்லிமீட்டர்.