இடப்பக்கம் ஐந்து சுற்று

அப்பாவின் வலதுகைக் கட்டைவிரல் நகத்தோடு போராடி அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. நகவெட்டி அதில் இறங்கவே இல்லை. நாற்பது வருஷம் செம்புக் கம்பியை முறுக்கிய விரல் அது. நகவெட்டி செய்தவன் இப்படி ஒரு விரலை நினைத்துச் செய்திருக்க மாட்டான்.

"கட்டர எடுத்துட்டு வா," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

"என்னடி கேக்குறாரு?" அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கட்டர் கேக்குறாரும்மா."

"கேப்பாரு, கேப்பாரு. தாலி கட்டுன அன்னைக்கே மண்டபத்து ஃபேனைக் கழட்டுன மனுஷன்தானே," என்று சொல்லிவிட்டு அம்மா பாலைக் கவனிக்க உள்ளே போனாள். அவள் குரல் பாதியில் உடைந்ததை இருவரும் கேட்காதது போல இருந்துகொண்டார்கள்.

அவரை ஊரே ஒயர்மேன் என்றுதான் அழைத்தது. மகளுக்கு அவர் வைத்த செல்லப்பெயர் ஃப்யூஸ். சின்ன வயதில் அவளுக்குக் கோபம் பட்டென்று வந்து அதே வேகத்தில் அணைந்துவிடும். போலீஸில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவில் சேர்ந்து, நாற்பத்திரண்டு வயதான பிறகும் தெருவில் அவள் ஃப்யூஸ்தான். அந்த வேலைக்கு இந்தப் பெயரா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் ஸ்டேஷனில் இல்லை.

நேற்று மத்தியானம் பஸ் நிலையத்தில் கிடந்த பிஸ்கட் டப்பாவை அவள்தான் திறந்தாள். முந்தின வாரம் இதே மாதிரி ஒரு டப்பா டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே வெடித்து நான்கு பேர் செத்திருந்தார்கள். மூடியைத் தூக்கியவுடன் உள்ளே ஒயர்கள் சேர்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். இடப்பக்கமாக ஐந்து சுற்று, கடைசி நுனி முதல் சுற்றுக்கு அடியில் செருகி ஒரு மடிப்பு. கூட்டத்தில் யாரோ வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. அப்பாவின் ஜாயின்ட் அது. மற்ற பிள்ளைகள் கயிற்றில் விளையாடிய வயதில் அவள் அதை அவிழ்த்து அவிழ்த்து விளையாடியிருக்கிறாள்.

டப்பாவைச் செத்த டப்பாவாக்கிக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தாள். ஆனால் சூப்பிரண்டின் கண்ணும் குருட்டுக் கண் இல்லை. போட்டோவைப் பார்த்து, "இந்த மாதிரி சுத்துறவன் யாருன்னு தெரிஞ்சா போதும், பாதி கேஸ் முடிஞ்சுது," என்று சொல்லியிருந்தார். அந்தக் கேள்வியோடுதான் அவள் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவின் பழங்கதை ஊருக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பத்தொன்பது வயதில், அவனுடைய கிளப்புக்குள் குண்டு வைத்தவர். குறி வைத்த அதிகாரி அன்றைக்குத் தாமதமாக வந்து தப்பித்துக்கொண்டான். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் செத்துப்போனார். வெள்ளைக்காரன் பேப்பர் 'பயங்கரவாதி' என்று எழுதியது. பேர் தெரியாததால் பேர் போடவில்லை. விடுதலைக்குப் பிறகு பள்ளிப் புத்தகம் பேர் போட்டு 'மாவீரர்' என்றது. அந்தப் பேப்பரையும் புத்தகத்தையும் அப்பா ஒரே டிரங்குப் பெட்டியில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தார். தோட்டக்காரரைப் பற்றி இரண்டிலும் ஒரே ஒரு வரிதான்.

அவள் இந்த வேலையில் சேர்ந்த அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "போயிட்டு வா. கட்டுறவன் இருந்தா அவுக்குறவளும் வேணும்ல," என்றார். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது.

இப்போது நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா. இடப்பக்கம் அஞ்சு சுத்து. அதை யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போர்வை ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலை அவர் விரல்கள் தேடிப் பிடித்தன.

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா? பேர் சொல்லுங்கப்பா."

"எல்லாருக்கும்டா ஃப்யூஸு."

விரல்கள் நூலைச் சுற்றத் தொடங்கின. ஒன்று, இரண்டு. எண்பத்து நாலு வயதில், சாவு தலைமாட்டில் நிற்கும்போது, அந்தக் கைகளில் ஒரு நடுக்கமும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்தாவது சுற்று முடிந்து, நுனி அடியில் போய், மடிந்து, கை நின்றது. அதற்கப்புறம் வரவேண்டிய மூச்சு வரவில்லை.

அம்மா பாலோடு வந்து நின்றாள். மகளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. மின்வாரியத்து ஆட்கள் வேலைச் சட்டையோடு அப்படியே வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் வந்தார்கள், அவர்களிடம் தொழில் பழகியவர்கள் வந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவள் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். இவனா? இவனா? அப்பாவுக்காக அழுகிறவனின் கையைச் சந்தேகத்தோடு தொடுவதைவிடக் கேவலம் இருக்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பார்த்தாள். டிக்கெட் ஜன்னலடியில் கிடந்தவர்களை மறக்க அவளால் முடியவில்லை.

தலைமாட்டில் ஏணிச் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. நாற்பது வருஷம் அப்பா ஏறிய ஏணியைக் கீழே நின்று பிடித்தவர், அதனால் அந்தப் பெயர். ஆள் ஐந்தடி. பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று அப்பாவே கேலி செய்வார். அவள் அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் டப்பாவின் கதையைச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

"அது உங்கப்பா ஜாயின்ட் இல்ல. எங்கண்ணனோடது."

"உங்களுக்கு அண்ணன் இருந்தாரா?"

"இருந்தான். மழையில லைன் கழண்டுடாம இருக்க அவன் கண்டுபிடிச்சது. உங்கப்பாவுக்கு அவன்தான் தொழில் சொல்லிக் குடுத்தான். கிளப்புல குண்டு வெடிச்சப்போ பாதி ஒயர் சிதறாமக் கிடந்துச்சு. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தன், உன்ன மாதிரி கெட்டிக்காரன், அந்தச் சுத்தப் பாத்துட்டான். ஊர்ல கம்பி வேலை பாக்குற எல்லாரையும் வரிசையில உக்கார வச்சு ஒரு ஜாயின்ட் போடச் சொன்னான். உங்கப்பா தலைமறைவு. எங்கண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது. பயந்த பயத்துல எப்பவும் போடுற மாதிரியே போட்டான்."

அவள் கல்லுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"தூக்குல போட்டுட்டாங்க. எனக்குப் பதிமூணு வயசு. அவன் பேரு எந்தப் புத்தகத்துலயும் வரல."

"அப்பா...?"

"சரணடைய ஓடினாராம். கூட இருந்தவங்க பிடிச்சுக் கட்டிப் போட்டுட்டாங்களாம். அவர் சொன்னதுதான். நெசமான்னு நான் கேக்கல." அவர் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். "விடுதலை வந்து ஆறு மாசம் கழிச்சு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. ஏணி பிடிக்க ஆள் வேணும்னாரு. வேற ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க போனீங்களா?"

"போனேன். விட்டுடலாம்னுதான் போனேன்."

உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"முதல் வருஷம் தினமும் நெனச்சேன். கையைக் கொஞ்சம் தளர விட்டா போதும், நாப்பதடி. அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் ஏறினாரு. ஒரு நாள்கூடக் கீழ பாத்ததில்ல, ஃப்யூஸு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து இந்த மனிதரைத் தெரியும். மிட்டாய் வாங்கித் தந்தவர், பரீட்சைக்குச் சைக்கிளில் கூட்டிப்போனவர். மலையடிவாரத்திலேயே குடியிருந்துகொண்டு மலையை நிமிர்ந்து பார்க்காமலே இருந்துவிட்டேனே என்றிருந்தது அவளுக்கு.

"அந்த வருஷத்துலதான் வாரியத்துல இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சுத்தச் சொல்லிக் குடுத்தாரு. வேற மாதிரி போட்டா அவுத்துட்டுத் திரும்பப் போடச் சொல்லுவாரு. ஏன் இந்தப் பிடிவாதம்னு கேட்டேன். 'ஒருத்தன் போட்டா அது அடையாளம்டா. ஊரே போட்டா வெறும் ஜாயின்ட். இனிமே இதை வச்சு எவனையும் தூக்குல போட முடியாது'ன்னாரு. அன்னைக்குத்தான் நான் ஏணிய நெசமாப் பிடிச்சேன்."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். எல்லாருக்கும் என்று அப்பா சொன்னது மழுப்பல் இல்லை, முழுப் பதில். அது விளங்கியபோதே அவளுக்குப் பயமும் வந்தது. அப்பாவிகளை மறைக்க அப்பா ஊர் முழுக்க விரித்த போர்வைக்கு அடியில்தான் இன்றைக்கு டப்பாவைக் கட்டியவனும் படுத்திருக்கிறான்.

நாலு மணிக்குச் சூப்பிரண்டு மலர்வளையத்தோடு வந்தார். முறையாக வணங்கினார். பிறகு அவளை ஓரமாக அழைத்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. ஆனா வேற வழியில்ல. ஒயர்மேன் இருநூறு பேருக்கு லிஸ்ட் போட்டாச்சு. நாளைக்குக் காலையில எல்லாரையும் கொண்டாந்து உக்கார வச்சு ஒரு ஜாயின்ட் போடச் சொல்லப் போறோம். எவன் அந்த மாதிரி சுத்துறானோ, அவன்தான். நீங்க வந்து பாத்து உறுதி பண்ணணும்."

அவள் நேராக உள்ளே நடந்தாள். அம்மாவிடம் போய் ஏதோ சொன்னாள். அம்மா மெயின் சுவிட்சை அணைத்தாள். விசிறிகள் நின்றன, கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மகள் அடுப்படியிலிருந்து உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்து, அப்பாவின் தலைமாட்டுச் சுவர் ஓரமாகப் போட்டு ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் எப்போதுமே கட்டை. ஆடியது. சட்டென்று ஆட்டம் நின்றது. கீழே பிடித்திருப்பது யார் என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை.

திருப்புளியால் நான்கு திருகுகளைக் கழற்றி, சுவரில் மேலே இருந்த, ஒயர்கள் சேரும் மரப்பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

"சார், இங்க பாருங்க."

சூப்பிரண்டு எட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தூசிக்கு நடுவே இடப்பக்கமாக ஐந்து சுற்று. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"இது... உங்க அப்பா..."

"எங்க வீட்டுல மட்டும் இல்ல சார். ஸ்டேஷன்ல இருக்கு. கோர்ட்டுல இருக்கு. உங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கு. இருநூறு பேரும் இப்படித்தான் போடுவாங்க. நானும் இப்படித்தான் போடுவேன்."

அவர் கூடத்தைச் சுற்றி ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். கையில் இருந்த தொப்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேர் செத்திருக்காங்கம்மா."

"தெரியும் சார். நான்தானே பொறுக்கினேன்." அவள் குரல் ஏறவில்லை. "டப்பா இருக்கு, பாட்டரி இருக்கு, ஒட்டுன டேப் இருக்கு. அதை வச்சு அவனத் தேடுறேன். கண்டுபிடிக்காம விடமாட்டேன். இதை வச்சு மட்டும் வேணாம். அறிக்கையில எழுதியே தர்றேன்."

"அப்ப எழுதிக் குடுங்க," என்றார் சூப்பிரண்டு. பிறகு ஒயர்மேனின் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து வெளியே போனார்.

அவள் மூடியைப் பொருத்தித் திருகினாள். அம்மா மெயினைப் போட்டாள். விசிறி முனகிக்கொண்டு கிளம்பியது. அப்பாவின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத்துணி ஓரத்தில் லேசாக எழுந்து படிந்தது. வாசலில் அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இறங்கு, ஃப்யூஸு. பிடிச்சிருக்கேன்."

அவள் கீழே பார்க்காமல் காலை எடுத்து வைத்தாள்.