மடைத் தெருவில் வெந்த சோறு

2025 தை மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழே காலுக்கு மடைத் தெருவின் தார்ச்சாலையில் இறக்கி வைத்த ஒரு படி அரிசி இருபது நிமிடத்தில் வெந்தது. அடுப்பு இல்லை, விறகு இல்லை. அன்று சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு, பன்னீர் திராட்சை அறுபது. அரிசி, இடியாப்பம் அவித்து விற்கும் அம்சத் பீவியுடையது. சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்திருந்தது. தென்னை மட்டை பனியில் நனைந்து புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. நாலு காய்ந்த மட்டை கேட்டு வாங்கி வரலாம் என்று பானையை வாசலுக்கு எதிரே ரோட்டில் வைத்துவிட்டு, கொத்தனார் சுருளியாண்டி வீட்டுக்குப் போனார். இருவரும் திரும்பி வந்தபோது சோறு தளதளவென்று கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. சுருளியாண்டி செருப்பைக் கழற்றி வெறுங்காலால் ரோட்டை மிதித்துப் பார்த்தார். கால் சுடவில்லை. பானை மட்டும்தான் சுட்டது. "அக்கா, மொதல்ல கஞ்சிய வடிங்க, குழைஞ்சிரப் போகுது" என்றார். அந்த அதிசயத்தைப் பற்றி அந்தத் தெருவில் பேசப்பட்ட முதல் பேச்சு அதுதான்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன ஊரில், மடைத் தெரு வாய்க்கால் கரையை ஒட்டி முப்பத்தொரு வீடு. அதற்குப் பின்னால் பன்னீர் நகர். அங்கே முன்பு திராட்சைத் தோட்டம் இருந்தது. கல்தூண்களைப் பிடுங்கி, பந்தலைச் சுருட்டி, மனை போட்டு விற்றபோது திராட்சையில் பெயரை மட்டும் மிச்சம் வைத்தார்கள். சோறு வெந்ததற்கு முந்தின ஆனி மாதம் பன்னீர் நகருக்குக் குழாய் வழியாகச் சமையல் எரிவாயு வருவதாக அறிவிப்பு வந்தது. மெயின் ரோட்டிலிருந்து அங்கே போகக் கிட்டத்து வழி மடைத் தெரு. ஆகவே மஞ்சள் குழாய் மடைத் தெருவைக் கிழித்துக்கொண்டு போனது. தெரு வழியாகப் போனதே ஒழிய, தெருவுக்குள் ஒரு வீட்டுக்கும் நுழையவில்லை. அம்சத் பீவி மூன்று முறை மனு எழுதினார். மூன்று முறையும் பதில் ஒன்றுதான்: பட்டா இல்லை, வாய்க்கால் புறம்போக்கு. ஓட்டுக் கேட்டு வரும்போது அது வீடு, வரி ரசீது போடும்போது அது வீடு, கேஸ் கேட்டால் மட்டும் அது புறம்போக்கு. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் வீட்டில் ஒரு நாளாவது அடுப்பு எரியாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

குழி தோண்டிய ஜேசிபி ராஜபாண்டியுடையது. பன்னீர் நகர் மனைகளை விற்றவர் அவர், குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் அவரே. தோண்டும்போது குடிதண்ணீர்க் குழாய் உடைந்து பதினோரு நாள் சாக்கடை கலந்த தண்ணீர் வந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு புங்க மரங்கள் வேரறுந்து முதல் காற்றிலேயே சாய்ந்தன. குழாயைப் புதைத்த பிறகும் குழியை மூடவில்லை. ஜேசிபி காமயகவுண்டன்பட்டிக்கு வேறு வேலையாகப் போய்விட்டது. நாற்பத்து மூன்று நாள் குழி திறந்தே கிடந்தது. எச்சரிக்கை நாடா ஒரே ஒரு இடத்தில் கட்டியிருந்தார்கள், அதுவும் போட்டோ எடுத்த இடத்தில். ஐப்பசி மழையில் குழி நிரம்பி, தண்ணீரும் ரோடும் ஒன்றாகத் தெரிந்த ஒரு விடிகாலையில், இடியாப்பக் கூடையோடு சைக்கிளில் கிளம்பிய இத்ரீஸ் தன் வாசலுக்கு எதிரேயே உள்ளே விழுந்தார். அம்சத் பீவியின் கணவர், வயது ஐம்பத்தெட்டு. இடுப்பெலும்பு முறிந்தது. தேனியில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடவில்லை, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கேஸ் கம்பெனி அவருக்கு ஒரு காலண்டர் கொடுத்தனுப்பியது. அதன் பன்னிரண்டு தாள்களிலும் பாதுகாப்பே முதன்மை என்று அச்சடித்திருந்தது. அம்சத் பீவி அதைக் கிழித்து இடியாப்பம் மடிக்க வைத்துக்கொண்டார்.

அரிசி வெந்தது இத்ரீஸ் விழுந்து, அதற்குப் பிறகு மூடித் தார் போட்ட இடத்தில்தான். ஒரு வாரத்துக்குள், குழி கிடந்த நீளம் முழுவதும் எங்கே வைத்தாலும் வேகத் தொடங்கியது. அதே புதன்கிழமை காலை பன்னீர் நகரில் நாற்பது வீட்டு அடுப்புகள் நீலமாக, அழகாக எரிந்தன. ஒன்றிலும் சூடு இல்லை. தீயில் கையை விட்டால் வாய்க்காலில் விட்டதுபோல் குளுகுளுவென்று இருந்தது. சிலிண்டர் வாங்கி வந்து பார்த்தார்கள், அதுவும் அப்படியே. கரண்ட் அடுப்பில் குக்கர் விசில் அடிக்கவில்லை. பன்னீர் நகர் எல்லைக்குள் உரசிய தீக்குச்சிகூட விரலைச் சுடவில்லை. மீட்டர் மட்டும் குறையில்லாமல் ஓடியது. பத்து நாள் பார்சல் சாப்பாடு தின்று வயிறு கெட்டுப் போனபோது, குடிதண்ணீருக்காக மடைத் தெரு மனு கொடுத்த நாளில் சங்கத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை என்பது அவர்களில் யாருக்கும் நினைவு வரவில்லை. மடைத் தெருவுக்கு நினைவிருந்தது.

கம்பெனி இன்ஜினியர் கருவிகளோடு வந்தார். கசிவு இல்லை, அழுத்தம் சரி, குழாயில் ஓட்டை இல்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் இது திருட்டு என்று புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த ஏட்டு முப்பத்தொரு வீட்டிலும் ரப்பர் டியூப் தேடினார், கிடைக்கவில்லை. ரோட்டில் அவிந்த இடியாப்பம் நாலு சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இன்ஜினியர் விடவில்லை. எங்கள் சூட்டை எப்படி எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அம்சத் பீவிக்கு அன்று வந்த கோபத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. "தோண்டுனது நீங்க. பொதைச்சது நீங்க. மூடாமப் போட்டதும் நீங்க. நான் என் வாசல்ல சட்டிய வச்சேன். இதுல களவாண்டது யாருய்யா?" என்று கேட்டார். இன்ஜினியர் குனிந்து பேனாவின் மூடியைத் தேடினார்.

பன்னீர் நகர்க்காரர்கள் முதலில் ஆட்களை விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆட்கள் ரோட்டில் வைத்த பாத்திரம் காலையிலிருந்து மாலை வரை குளிர்ந்தே இருந்தது. மடைத் தெருவில் குடியிருப்பவர் கை வைத்து இறக்கினால்தான் பாத்திரம் சூடேறியது. இது மாசி பிறப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை, பார்சலே தொடர்ந்தது. தெருவைக் காலி செய்தால் சூடு தானாக வீடு திரும்பும் என்று ராஜபாண்டி சங்கத்தில் அடித்துப் பேசினார். புறம்போக்கு, ஆபத்தான பகுதி என்று மனு தயாரானது. முதல் கையெழுத்து அவருடையது. நோட்டீஸ் வந்தது: வைகாசி கடைசிச் செவ்வாய்க்குள் முப்பத்தொரு வீடும் இடிக்கப்படும். கட்டிலில் கிடக்கும் மனிதரை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று அம்சத் பீவி அலுவலகம் அலுவலகமாகக் கேட்டார். பக்கத்து மேஜையைக் காட்டினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை, பன்னீர் நகரில் ராஜபாண்டியின் மகள் உமாதேவிக்குப் புதுமனைப் புகுவிழா. நல்ல நேரம் ஆறிலிருந்து ஏழே கால். ஊரெல்லாம் கூடியிருக்க, நீலத் தீயின் மேல் பால் அசையாமல் கிடந்தது. ஆறரைக்குச் சொந்தக்காரர்கள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். பால் பொங்காத வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டேன் என்று உமாதேவியின் மாமியார் பையைத் தூக்கிக்கொண்டார். ஆறு ஐம்பதுக்குப் பட்டு வேட்டியும் பித்தளைப் பானையுமாக ராஜபாண்டி அம்சத் பீவியின் வாசலில் நின்றார். அம்சத் பீவி இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

"பாயம்மா, ஒரு கை வச்சு எறக்கிக் குடுங்க. நேரம் போகுது."

"எங்களுக்கும்தான் போகுது. செவ்வாக்கெழம வரைக்கும்தான் கெடு."

"நோட்டீஸ நான் பேசி நிறுத்திர்றேன்."

"நிறுத்தாம எங்கன போவீக? நாங்க போயிட்டா ஒங்களுக்குச் சோறு வேகாது. அதுக்கு நான் கெஞ்ச வேண்டியதில்ல." இடியாப்ப உரலைக் கீழே வைத்தார். "உள்ள அவுக படுத்திருக்காக. அந்தக் குழிய எதுக்கு நாப்பத்து மூணு நாளு தொறந்து போட்டீகன்னு அவுககிட்டச் சொல்லுங்க. பொறவு பால் வைக்கிறேன்."

பானையை, வாசலில் வந்து நின்ற சுருளியாண்டியிடம் கொடுத்துவிட்டு ராஜபாண்டி உள்ளே போனார். கட்டிலுக்கு அருகில் நின்று, மழை என்றார், கான்ட்ராக்டர் என்றார், கம்பெனி பில் பாஸாகவில்லை என்றார். இத்ரீஸ் கேட்டுக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஏழு அஞ்சு" என்றார். ராஜபாண்டி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "வேற எடத்துல வேல இருந்துச்சு. இங்கன கேக்க ஆளில்லன்னு நெனச்சேன்" என்றார். இத்ரீஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்சத் பீவி கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு வந்து, பானையை ரோட்டில் இறக்கினார். ஏழு பன்னிரண்டுக்குப் பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. பெண்கள் ரோட்டில் நின்றே குலவை போட்டார்கள்.

திங்கட்கிழமை, நோட்டீஸை ஒட்டிய ஆளே வந்து கிழித்தார். நிர்வாகக் காரணங்களுக்காக என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போனார். நியாயத்துக்காக ஒருவரும் இறங்கவில்லை, பசிக்குத்தான் இறங்கினார்கள். மடைத் தெருவுக்கு அது நன்றாகத் தெரியும். பன்னீர் நகர் இன்றும் குளிர்ந்த தீக்குப் பணம் கட்டுகிறது. கம்பெனி தன் கணக்கில் அதை வழித்தட இழப்பு என்று குறித்துக்கொள்கிறது. டவுன் பஸ் மடைத் தெருவுக்கு வரும்போது இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறது, பானைகளைச் சுற்றி வளைந்து போகும் பழக்கம் டிரைவர்களுக்கு வந்துவிட்டது. காலையில் தெருவின் முப்பத்தொரு உலையும் இறங்கிய பிறகு, பன்னீர் நகர்ப் பெண்கள் பெயர் வெட்டிய பாத்திரங்களோடு வந்து நிற்கிறார்கள். கம்பம் பக்கத்து ஊர்களில் சண்டைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவார்கள். அம்சத் பீவி பாத்திரத்தை எடுத்து ரோட்டில் வைக்கிறார், பதம் பார்க்கிறார், வெந்ததும் துணி பிடித்துத் தூக்கிக் கையில் கொடுக்கிறார். ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை. அவர்களில் ஒருவரைப் பார்த்தும் இன்றுவரை அவர் வாங்க என்று சொன்னதில்லை.