சீதையின் அண்ணன்

கட்டாக் ஐகோர்ட் வாசலில் தயிர்வடை தின்னக் கூப்பிட்டபோது, தெருவில் நின்று தின்பது சோட்ராய் வம்சத்தில் வழக்கமில்லை என்று மறுத்துவிட்டார் திவ்யசிங்க சோட்ராய். கூப்பிட்ட வக்கீல் கௌராங்க தாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"வம்சத்தை அப்புறம் பாக்கலாம் பெரியவரே. தம்பி உயிரைப் பாருங்க."

வரப்புத் தகராறில் நடந்த ஒரு கொலைக்காகத் தம்பி பைகுண்டனுக்கு செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்திருந்தது. ஐகோர்ட் உறுதிசெய்யாமல் தூக்கில் போட முடியாது. அதற்கான விசாரணைதான் அன்று.

"கொலை நடந்த ராத்திரி எங்க இருந்தார்னு அவரும் சொல்லல, நீங்களும் சொல்லல. தூக்கு கேஸ்ல இங்க புது சாட்சியைக்கூடக் கேப்பாங்க. இப்பவாவது வாயைத் திறங்க."

"அவனுக்கு எதிரா உருப்படியா ஒரு சாட்சி இல்ல, தானா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"விட்டாங்களா?"

பெரியவர் மீசையைத் தடவினார். அந்த இரவு பைகுண்டன் நாற்பது மைல் தள்ளி, ஜாத்ரா என்னும் கூத்து மேடையில் சேலை கட்டி நடித்துக்கொண்டிருந்தான். "செத்தாலும் வெளியே சொல்லாதே" என்று கோபத்தில் இவர் சொன்னதை அந்த மடையன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறினார். முதுகு வளையவில்லை, குரல்தான் சற்று இறங்கியது.

"என் தம்பி அன்னிக்கு சீதையா நடிச்சான். இழுத்துட்டு வரத்தான் போனேன். போர்வையால முகத்தை மூடிக்கிட்டு, விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

"இழுத்துட்டு வரப் போனவர் ஏன் விடியற வரை உட்கார்ந்தீங்க?" என்றார் மூத்த நீதிபதி.

"அசோகவனக் காட்சி வந்துடுச்சு ஐயா. பாதியில எப்படி எழுந்திருக்கறது?"

கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீல் விடவில்லை. "அவ்வளவு அரிதாரத்துல தம்பின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வசனம் மறந்தா இடது காதை இழுப்பான். ராவணன் முன்னாடி மூணு தடவை இழுத்தான்."

ஜாத்ரா குழுவின் முதலாளியை நீதிபதிகள் வரவழைத்தார்கள். பைகுண்டனின் படத்தைப் பார்த்ததும், அன்றிரவு சீதையாக நடித்தது வேறு பெயர் சொல்லிச் சேர்ந்த இந்தப் பையன்தான் என்றும், இத்தனை நாளும் அவனைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். "எங்கய்யா போனான்? அவன் இல்லாம சீதையை யாரும் பாக்க வரமாட்டேங்கறாங்க!"

தூக்கு உறுதியாகவில்லை, பைகுண்டன் விடுதலையானான்.

சிறை வாசலில் அவன் அண்ணன் காலில் விழுந்தான். "அண்ணா, மானம் போச்சே!"

"எழுந்திருடா. காட்டுல அவ்வளவு பளபளன்னு சேலையா கட்டுவா சீதை? அதுலதான் போச்சு மானம்."

எதிர் வெற்றிலைபாக்குக் கடையிலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்: "டேய், சீதையோட அண்ணன் போறாருடா!"

பெரியவர் நின்றார். திரும்பினார். முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"