நாலு கிலோ குறைந்த பெட்டி

அந்த வெளிநாட்டுக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். அதில் பதினொன்று நம் ஆட்களுடையது. அந்தப் பதினொன்றில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் டிக்கெட் எடுத்த கையோடு மூன்றாவது மாடிக்குப் போன் வந்துவிடும்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஃப்ளைட். பெட்டி கட்ட வந்துடுவீங்கல்ல?"

மூன்றாவது மாடி அக்காவுக்குத் தராசக்கா என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெட்டியைப் பூட்டி, வலது கையால் கைப்பிடியைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குவாள். கண்ணை மூடுவாள். "இருபத்திரண்டே முக்கால். இருபத்து மூணு வரைக்கும் விடுவாங்க, இன்னும் ரெண்டு சோப்பு வைக்கலாம்" என்பாள். அவ்வளவுதான். விமான நிலையத்தில் வேறு கணக்கு காட்டினால், அது அங்கிருக்கும் தராசின் கோளாறு என்றுதான் பதினோரு வீடும் நம்பியது. பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன்களைச் சோதித்து, இது இத்தனை டன் தூக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. கொக்கியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் கண்ணாடியையும் கழற்றிவிடுவார் போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஆறு மாதமாகத் தன் வீட்டில் நடந்ததைப் பார்க்காமல் இருந்திருப்பாரா?

ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் இடுப்பு வரை இருந்த பின்னலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "என்ன, சினிமால சேரப் போறியா?" என்று கேட்டார். தட்டும் டம்ளரும் மேல் அலமாரியிலிருந்து கீழே இறங்கின. "வீட்டுக்கு எலி வரணும்னு ஆசையா?" என்றார். காரில் முன் சீட்டை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள். முன்னால் ஏசி மூஞ்சியில் அடிக்கிறதாம். "சரிங்க முதலாளியம்மா" என்று சல்யூட் அடித்தார். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள் முளைத்தன. "காலண்டர் மாட்ட அளவு எடுக்கிறேன்" என்றாள். ஆறு மாதமாகவா ஒருத்தி காலண்டருக்கு அளவெடுப்பாள்? அந்தக் கேள்வி அவருக்கு வரவில்லை. அவருக்குக் கிண்டல் வந்தது, அதோடு திருப்தியாகப் போய்விட்டார்.

இப்போது பெட்டி கட்ட வேண்டியிருந்தது மகளுக்கு. வீட்டில் அவள் பெயர் பாப்பா. பத்தொன்பது வயதுப் பாப்பா. மேல்படிப்புக்கு இன்னொரு தேசம் போகிறாள். போன வருடமே போயிருக்க வேண்டியவள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அம்மாவத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்" என்று டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவள் அவள். கல்லூரி ஒரு வருடம் இடத்தை நிறுத்தி வைத்தது. இந்த முறையும் வராவிட்டால் இடம் கிடையாது என்று கடிதத்தில் எழுதியே விட்டார்கள். அதனால் பெற்றவர்கள் இருவரும் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நடமாடினார்கள்.

"ஆபீஸ்லேர்ந்து தொங்கு தராசு கொண்டு வரட்டுமா?" என்றார்.

"நான் கட்டுற பெட்டிக்கு மெஷினா?" என்று ஒரே வெட்டாக வெட்டினாள். பெட்டியைப் பூட்டியதும், கண் பட்டுவிடும் என்று சொல்லி இரண்டு பேரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாப்பா குளிக்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். முகம் வியர்த்திருந்தது. "இருபத்தேழு இருக்கும் போல. நாலு கிலோ எடுக்கணும்." கம்பளியும் குட்டிக் குக்கரும் இரண்டு தடிப் புத்தகங்களும் வெளியே வந்து மிச்சப்பைக்குப் போயின. மிச்சப்பை என்பது அவள் கண்டுபிடிப்பு. பெட்டியில் இடமில்லாததெல்லாம் அந்தத் துணிப்பையில் ஏறிக் கார் டிக்கியில் விமான நிலையம் வரை வரும், ஒருவேளை இடம் கிடைத்தால் என்று. இத்தனை வருடத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் கவுன்டரில் பெட்டியைத் தராசில் வைத்தார்கள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பதினெட்டு புள்ளி எட்டு.

வேறு குடும்பமாக இருந்தால் அப்பாடா என்று பெருமூச்சு விட்டிருக்கும். இங்கே மூன்று பேரும் பேயறைந்தது போல நின்றார்கள். நாலு கிலோ கூடினால் எடுத்துப் போடலாம். நாலு கிலோவை வீணடிப்பது தராசக்கா வீட்டில் நடக்கிற காரியமா?

"அம்மா!" என்றாள் மகள். "என்னம்மா ஆச்சு உனக்கு? கம்பளிய எடுத்துட்டியே. நீ இப்படித் தப்பா சொல்லி நான் பார்த்ததே இல்லையே!"

அம்மா குறுகிப்போய், இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருடமாகக் கொக்கிகளைப் பார்த்த மனிதர் அப்போதுதான் தன் மனைவியைப் பார்த்தார். அந்த வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. காலையிலிருந்து அது உயரவே இல்லை. கைப்பை இடது தோளில். மகளுக்கு நெற்றியில் விபூதி பூசியதும் இடது கை. வெட்டிய முடி, இறங்கிய தட்டு, பின் சீட்டு, வியர்த்த முகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் மண்டையில் இடித்தன. இடது கையால் தூக்கியிருக்கிறாள். பழகாத கைக்குப் பெட்டி கனத்திருக்கிறது. கனத்ததையெல்லாம் எடையென்று எண்ணிவிட்டாள்.

மகளும் அம்மாவின் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கும் அப்பாவின் கண்தான். இன்னும் அரை நிமிடம் விட்டால் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் இந்தப் பெட்டி விமானம் ஏறாது.

"அம்மாவ ஏன் கேக்கிற? நான்தான் தப்பா சொன்னேன்" என்றார்.

"நீங்களா?"

"நேத்து நீ குளிக்கப் போனப்போ. கிளம்புற நேரத்துல அம்மாவுக்கு இடுப்பு கிடுப்புப் பிடிச்சுக்கப் போகுதேன்னு, நானே தூக்கிப் பார்த்து இருபத்தேழுன்னு அடிச்சுச் சொன்னேன். பாவம், நம்பி எடுத்துட்டா."

மகள் ஒரு கணம் அப்பாவையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "உங்களை நம்பியாப்பா அவ்வளவு பெரிய கப்பலுக்கெல்லாம் சாமான் ஏத்துறாங்க? கடவுளே!" பின்னால் வரிசையில் நின்ற நம் ஆள் ஒருவரும் சிரித்தார். பூதக்கண்ணாடியின் மானம் கப்பலேறியது. அது ஏறட்டும் என்று அவருக்கு இருந்தது. சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தது.

"இருங்க, மிச்சப்பை இருக்கு" என்று ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், தொப்பை குலுங்க, கார் நிறுத்தும் இடம் வரைக்கும் ஓடிப்போய்ப் பையோடு திரும்பி வந்தார். ஓரமாகப் பெட்டியைத் திறந்தார்கள். அவள் நின்றபடியே கண்ணால் இடம் காட்டினாள். "குக்கருக்குள்ள சாக்ஸைத் திணிங்க. புத்தகம் நடுவுல. கம்பளிய உருட்டாதீங்க, நீளமா மடிங்க." ஊசி போக இடமில்லாமல் பெட்டி நிறைந்தது. அவர் பூட்டிவிட்டுத் தராசுக்குத் தூக்கினார்.

"அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள். அவர் நின்றார். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள். "இருபத்திரண்டு தொள்ளாயிரம். வைங்க."

வைத்தார். இருபத்திரண்டு புள்ளி ஒன்பது.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா வலியில் உதட்டைக் கடித்ததை அவர் மட்டும் பார்த்தார். பாப்பா உள்ளே போகும் வரை சிரித்த முகத்தை அவள் இறக்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தத் தலை மறைந்த பிறகுதான் பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?" என்றார்.

"ஆறு மாசம். தோள் இறுகிப் போச்சாம். பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லையாம், மெதுவா சரியாயிடுமாம். புதன்கிழமை புதன்கிழமை பஸ்ஸில போய்க் காட்டிட்டுத்தான் இருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க வயித்துல எது தங்கும்? அரை மணி நேரத்துல பாப்பா காதுல போட்டிருப்பீங்க. அவ பெட்டியப் பிரிச்சிருப்பா." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு மட்டும் எப்படியோ தங்கிச்சு."

அவர் கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே, இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று பெருமையாக இருந்தது. எழுந்து கைப்பையை வாங்கிக்கொண்டார். காரில் முன் கதவைத் திறந்து உட்கார வைத்து, அவள் வலது தோளுக்கு மேலிருந்த பெல்ட்டை இழுத்துத் தானே மாட்டினார். அவள் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். மொத்தம் இருபத்து மூன்று கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி. விரல்களை நடக்கவிட்டுக் கையைச் சுவரில் ஏற்றுகிற பயிற்சி. முதல் கோடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. கடைசிக் கோடு இன்னும் தோளைத் தொடவில்லை. ஒரே ஒரு கோடு மட்டும் முந்தையதைவிடக் கீழே இருந்தது.

"இது ஏன் இறங்கியிருக்கு?"

"அன்னைக்கு ஏழாவது மாடிக்கு ரெண்டு பெட்டி கட்டினேன். அதுக்கப்புறம் கட்டினது பாப்பா பெட்டி ஒண்ணுதான், இடது கையால."

அலமாரியிலிருந்து பென்சிலை எடுத்தார். "கை வை."

அவள் சுவரில் விரல்களை வைத்தாள். ஒவ்வொரு விரலாக ஏறியது. கடைசிக் கோட்டில் நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்து, இன்னும் ஒரு விரற்கடை. அவர் கோடு போட்டார். தேதி எழுதினார். பக்கத்தில், கிரேனுக்குப் போடுவது போலவே, கையெழுத்தும் போட்டு அடியில் ஏதோ கிறுக்கினார்.

"என்ன எழுதுறீங்க?"

"இந்தக் கை எவ்வளவு தூக்கலாம்னு."

அவள் குனிந்து படித்தாள். பூஜ்யம் கிலோ.

"அப்ப அஞ்சாவது மாடி? வியாழக்கிழமை கிளம்புறாங்களே."

"நான் தூக்குறேன். நீ என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு" என்றார்.